உடும்பு எதிர்ப்பட்டால்: அடையாளம் காணவும் கவனிக்கவும் ஒரு வழிகாட்டி

கண்மாய்க் கரையிலோ தோப்பு வேலியிலோ கொல்லையில் அடுக்கிய விறகின் மேலோ, நம் கையை விட நீளமான ஒரு பல்லி பிளந்த நாக்கை நீட்டியபடி நடந்து வருவதைக் கண்டதும், ஊர்களில் முதலில் எழும் குரல் ‘கம்பை எடு’ என்பதுதான். பெரிதாக இருக்கிறது, நாக்கு பாம்பின் நாக்கைப் போல் இருக்கிறது, ஆகவே நஞ்சும் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் பிழை என்று தெரிந்தவர் கம்பைத் தேட மாட்டார், நின்று பார்ப்பார். அப்படி நின்று பார்க்கும் முறையையும், உடும்பு வீட்டுக்குள் வந்துவிட்டாலோ கிணற்றில் விழுந்துவிட்டாலோ கடித்துவிட்டாலோ செய்ய வேண்டியதையும், பல ஆண்டுகளாகக் கரையோரங்களில் அவற்றைப் பார்த்து வந்த பழக்கத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

எந்த உடும்பு என்று அறிதல்

இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உள்ளன. அவற்றுள் தமிழ்நாட்டில் வாழ்வது வங்காள உடும்பு ஒன்றுதான். பெயர் வங்காளத்தைச் சொன்னாலும் தெற்காசியா முழுவதும் பரவியிருக்கும் இனம் அது. நீர் உடும்பு அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும், சுந்தரவனத்திலும், ஒடிசாவின் பிதர்கனிகாவிலும், வடகிழக்கு மாநிலங்களிலும் வாழ்கிறது. மஞ்சள் உடும்பு கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் வெள்ளச் சமவெளிக்கு உரியது. பாலை உடும்பு ராஜஸ்தானையும் அதை ஒட்டிய வறண்ட நிலங்களையும் விட்டு வெளியே வருவதில்லை. இலங்கையில் இரண்டு வகை உண்டு: சிங்களத்தில் தலகொய்யா எனப்படும் வங்காள உடும்பும், கபரகொய்யா எனப்படும் நீர் உடும்பும். கண்டி ஏரியிலும் கொழும்பின் பேரை ஏரியிலும் பட்டப்பகலில் நீந்துவது பின்னதுதான்.

இரண்டையும் பிரித்தறிய நிறத்தை நம்ப வேண்டாம். சேறும் உரிந்துகொண்டிருக்கும் தோலும் நிறத்தை மறைத்துவிடும். மூக்குத் துளையைப் பாருங்கள். வங்காள உடும்பின் மூக்குத் துளை சாய்வாகக் கீறிய கோடு போல, மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருக்கும். நீர் உடும்பின் துளை வட்டமாக, மூக்கு நுனியை ஒட்டியே இருக்கும். நீரில் உடலை மறைத்துக்கொண்டு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும் விலங்குக்கு அந்த இடம்தான் வசதி. இந்த ஓர் அடையாளம் போதும். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் இதே வழி பயன்படும்: சுங்கை பூலோ ஈரநிலத்தில் காண்பவை பெரும்பாலும் நீர் உடும்புகள், மரங்களடர்ந்த பூங்காக்களில் மண்ணைக் கிளறித் திரியும் மேக உடும்புக்கு, வங்காள உடும்பைப் போலவே நடுவில் கீறல் மூக்கு இருக்கும்.

அளவும் ஓரளவு உதவும். வங்காள உடும்பு வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. ஆனால் நாம் வழக்கமாகக் காண்பவை ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். நீர் உடும்பு இரண்டு மீட்டரையும் எளிதாகத் தாண்டும்.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறியாமையால் அதிகம் அடிபடுபவை அவைதான். வளர்ந்த வங்காள உடும்பு மங்கிய பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க, அதன் குட்டியோ மஞ்சள் புள்ளிகளும் கழுத்திலும் வயிற்றிலும் கரும்பட்டைகளுமாகப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்ப்பவர்கள் வேறேதோ நச்சுப் பல்லி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வட இந்தியாவில் இந்தக் குட்டிக்கே தனிப் பெயர் வைத்து, நாகத்தை விடக் கொடியது என்று அஞ்சுகிறார்கள். ஒரு மழைக்காலத்தில், பள்ளி முடிந்து வந்த சிறுவர்கள் கல்லால் அடித்துப் போட்டிருந்த குட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் கையகலத்துக்குச் சற்றுக் கூடுதலான உடல், ஊசி முனை போன்ற நகங்கள், இன்னும் வாடாத மஞ்சள் புள்ளிகள். அது உண்டிருக்கக்கூடியதெல்லாம் வண்டுகளும் வெட்டுக்கிளிகளும்தான்.

நஞ்சு உள்ளவை எவை

பல்லியினத்தில் நஞ்சு என்பது கட்டுக்கதை அன்று. ஆனால் அது நாம் தேடும் இடத்தில் இல்லை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் அரணைக்கு நஞ்சே கிடையாது. வீட்டுப் பல்லிக்கும் ஓணானுக்கும் மனிதருக்குத் தீங்கு செய்யும் நஞ்சு இல்லை. ஐயத்துக்கு இடமின்றி நஞ்சுடையவை அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன: அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைகளிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழும் கிலா பல்லியும், மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் வாழும் அதன் உறவான மணிப் பல்லிகளும்.

கிலா பல்லி அரை மீட்டர் நீளமே உள்ள, தடித்த, மெதுவாக நகரும் விலங்கு. செதில்கள் கறுப்பும் இளஞ்சிவப்புமாக மணி கோத்தது போல் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியை வளைக்குள் கழித்து, பறவை முட்டைகளையும் வளையில் வாழும் சிறு விலங்குகளின் குட்டிகளையும் தின்று, மிஞ்சிய கொழுப்பைப் பருத்த வாலில் சேமித்து வைக்கும். பாம்பைப் போல மேல்தாடையின் கோரைப் பல்லால் நஞ்சைப் பாய்ச்ச அதற்கு இயலாது. நஞ்சுச் சுரப்பி கீழ்த்தாடையில் இருக்கிறது, பற்களில் வெட்டிய பள்ளங்களின் வழியே நஞ்சு கசிந்து ஏறுகிறது, அதனால் கடித்த இடத்தை விடாமல் மென்றுகொண்டே இருக்கும். வலி கடுமையானது, மரணம் மிக அரிது. 2024இல் கொலராடோ மாநிலத்தில், வீட்டில் வளர்த்த கிலா பல்லி கடித்து ஒருவர் இறந்தது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த முதல் மரணம் என்று கூறப்பட்டது. இதே நஞ்சிலிருந்து 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்னும் மருத்துவர் பிரித்தெடுத்த எக்செண்டின்-4 என்ற புரதக் கூறுதான், 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்செனடைடு என்ற நீரிழிவு மருந்துக்கு மூலம். நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் ஊரில், இந்தச் செய்தியை நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வதுண்டு.

அடுத்தது கொமோடோ டிராகன். இதுவும் உடும்புதான், உலகின் மிகப் பெரிய பல்லி. இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, புளோரஸ் முதலிய சில தீவுகளில் மட்டுமே வாழ்கிறது. 1912இல் பீட்டர் ஓவன்ஸ் என்பவர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். மூன்று மீட்டர் நீளமும் 70 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் எட்டக்கூடிய இவ்விலங்கு மானையும் காட்டுப்பன்றியையும் எருமையையும் கூடத் தாக்கும். இதன் எச்சிலில் உள்ள கிருமிகளே இரையைக் கொல்கின்றன என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2009இல் பிரையன் பிரை தலைமையிலான குழு, கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதையும், அவற்றின் சுரப்பு இரத்தம் உறைவதைத் தடுத்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் காட்டியது. சில ஆண்டுகள் கழித்து அதன் வாய்க் கிருமிகளை ஆராய்ந்தபோது, மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பவற்றிலிருந்து பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இரையை வீழ்த்துவதில் நஞ்சின் பங்கு எவ்வளவு, ரம்பம் போன்ற பற்கள் கிழித்த காயத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பற்களுக்கே கூடுதல் பங்கு என்பது என் எண்ணம். அந்த அளவுக்கு ஆழமாகக் கிழிபட்ட மானுக்கு நஞ்சு ஒரு துணைதான். அத்தீவுகளுக்குச் செல்பவர் பூங்காக் காவலர் இல்லாமல் ஓரடி கூட வைக்கக் கூடாது. கவைக் கோலுடன் உடன் வரும் அவர் சொல்லும் தூரத்தை மீறக் கூடாது.

நம் உடும்புக்கு வருவோம். உடும்பினத்தின் பல வகைகளில் வாய்ச்சுரப்பிகளில் நஞ்சு சார்ந்த புரதங்கள் இருப்பதாக 2006 முதல் ஆய்வுகள் சொல்லி வருகின்றன. ஆனால் வங்காள உடும்பின் கடி மனிதருக்கு உயிர் ஆபத்து விளைவிக்கும் என்று உறுதிப்படவில்லை. உடும்பு கடித்துச் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் இறந்ததாக இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குறிப்பு வெளிவந்ததுண்டு. அறிகுறிகளைப் பார்த்தால் அது கண்ணாடி விரியன் கடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நஞ்சியல் வல்லுநர்கள் எதிர்வாதம் எழுதினார்கள். இந்தச் செய்தியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடிக்கு முதலுதவி சொல்லும் இடத்தில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

தேடும் நேரமும் தடமும்

உடும்பு பகலில் திரிவது. வெயில் ஏறத் தொடங்கும் காலை ஏழரை மணி முதல் பத்து மணி வரை, உடலைச் சூடாக்கிக்கொள்ள வளை வாசலிலோ, பனைப் பொந்தின் விளிம்பிலோ, கரையான் புற்றின் கிழக்குப் பக்கத்திலோ படுத்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை மிகச் சிறந்தது. சென்னையில் இருப்பவர்கள் கிண்டி போன்ற புதர்க்காடு எஞ்சியிருக்கும் வளாகங்களில் பார்க்கலாம்.

விலங்கைத் தேடுவதற்கு முன் தடத்தைத் தேடுங்கள். புழுதியில் இரண்டு பக்கமும் ஐந்து நகம் பதிந்த அடிகள், நடுவே வால் இழுபட்ட வளைகோடு: இது உடும்பு. மரப்பட்டையில் இணைகோடுகளாக நகக் கீறல் இருந்தால் மேலே பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். வெண்ணுனியோடு கூடிய எச்சத்தைக் குச்சியால் உடைத்தால் வண்டுச் சிறகின் பளபளப்பான துண்டுகள் கிடைக்கும். இருளர் பெரியவர்கள் இந்தத் தடங்களைப் படிக்கும் வேகம் வியப்பானது. நான் அரை மணி நேரம் குனிந்து தேடிக் கண்டதை நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள்.

கண்டுவிட்டால் பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், முடிந்தால் உட்கார்ந்துவிடுங்கள். நேராக அதை நோக்கி நடந்தால் மரத்தின் மறுபக்கம் அணிலைப் போலச் சுற்றி மறைந்துவிடும். அசையாமல் இருந்தால் ஐந்து பத்து நிமிடங்களில் உங்களைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைத் தொடங்கும். அப்போது நாக்கைக் கவனியுங்கள். நீண்டு, பிளந்து, மண்ணைத் தொட்டும் தொடாமலும் காற்றைத் துழாவி உள்ளே போகிறது. நாக்கின் இரு நுனிகளும் பற்றி வரும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு பகுத்தறிகிறது. எந்த நுனியில் மணம் கூடுதலோ அந்தப் பக்கம் தலை திரும்புகிறது. அந்த நாக்கு கொட்டாது, நஞ்சு ஏற்றாது. ஒருமுறை காய்ந்த மாட்டுச் சாணத்தின் மேல் ஓர் உடும்பு இப்படி மூன்று நான்கு தடவை துழாவிவிட்டு, முன்கால் நகத்தால் சாணத்தைப் புரட்டி, அடியிலிருந்த வெள்ளைப் புழுவை எடுத்து, தலையை ஒருமுறை மேலே உதறி விழுங்கியது. பிறகு அடுத்த சாணம். அரை மணி நேரத்தில் அந்தப் பொட்டலில் இருந்த ஒன்றையும் அது விடவில்லை. புழு, வண்டு, நத்தை, நண்டு, தவளை, எலி, முட்டை, செத்தது என்று எதையும் தின்னும் இவ்விலங்கு வயலுக்குச் செய்யும் வேலை பெரிது.

கழுத்தையும் பாருங்கள். விரைந்து நடக்கும்போது தொண்டை விரிந்து சுருங்குவது தெரியும். ஓடும்போது உடலை வளைக்கும் தசைகளே மூச்சுக்கும் தேவைப்படுவதால், பெரும்பாலான பல்லிகளுக்கு ஓடிக்கொண்டே நன்றாக மூச்சு விட முடியாது. சிறிது ஓடி நின்றுவிடும். உடும்போ தொண்டையைத் துருத்தி போல் இயக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் அது நெடுந்தூரம் சளைக்காமல் நடக்கிறது.

இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு உடும்புகள் பின்கால்களில் எழுந்து நின்று, முன்கால்களால் ஒன்றையொன்று தழுவியபடி சாய்ந்தாடுவதைக் காண நேர்ந்தால், அது புணர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அவை இரண்டும் ஆண்கள், மல்யுத்தம் நடக்கிறது. சாரைப் பாம்புகள் பின்னிப் பிணைவதை நாம் தவறாகப் புரிந்துகொண்டதைப் போன்றதே இதுவும். பெண் உடும்பு கரையான் புற்றிலோ மண்ணிலோ குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவரப் பல மாதங்கள் ஆகும். ஆகவே வீட்டுமனைக்காகப் புற்றை இடிக்க வேண்டிய நிலை வந்தால், உள்ளே தோல் போன்ற ஓடுடைய வெள்ளை முட்டைகள் உள்ளனவா என்று பார்த்து, இருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலும் கிணற்றிலும்

வீட்டுக்குள் உடும்பு வந்துவிட்டால் உள்ளறைக் கதவுகளை மூடி, வெளிவாசலை அகலத் திறந்து வைத்து, நாயையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்திவிட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். மூலையில் நெருக்கினால்தான் அது உடலை ஊதிப் பெரிதாக்கிச் சீறும், வாலால் சாட்டை வீசுவது போல் அடிக்கும்; வேறு வழியில்லாதபோது கடிக்கும். போக மறுத்தால் 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரையோ வனத்துறையையோ அழையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. பல்லியைப் போல் உடும்பு வாலைக் கழற்றிவிட்டு ஓடாது. திரும்பி வளைந்து பிடித்தவர் கையைத்தான் பற்றும். ‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்ற பழமொழி அனுபவத்தில் பிறந்தது. கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போகிறதென்றால், கூட்டின் அடிப்பகுதியை ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் புதைத்த கம்பிவலையால் சுற்றுங்கள். அத்துடன் சிக்கல் தீரும்.

உறை இறக்கிய கிணற்றில் விழுந்த உடும்பால் வழவழப்பான சுவரில் ஏற முடியாது. நீண்ட மூங்கிலிலோ சவுக்குக் கழியிலோ கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டி, சாய்வாக இறக்கி, மேல்முனையை அசையாதபடி கட்டிவிட்டு ஆட்கள் போய்விட வேண்டும். ஆள் நிற்கும் வரை ஏறாது. மாலையில் விட்டுவிட்டு மறுநாள் நண்பகலில் பார்த்தால் கிணறு காலியாக இருக்கும்.

கடித்துவிட்டால்

உடும்பு கவ்விப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, சதை கிழியும். அதன் கால்கள் தரையில் படும்படி கையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தால் தப்பும் வழி தெரிந்ததும் விட்டுவிடும். அருகில் வாளித் தண்ணீர் இருந்தால் அதில் அமிழ்த்தலாம். பிறகு சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, மோதிரம் வளையல்களைக் கழற்றி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசைவிறைப்பு ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும், தேவைப்பட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் தருவார்கள். காயத்துக்குள் பல் முறிந்து தங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்வன வெறிநோயைப் பரப்புவதில்லை. கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தீங்கானவை.

முன்பு சொன்ன பாடம் இதுதான்: கடித்தது எது என்று கண்ணால் பார்க்கவில்லையென்றால், அதைப் பாம்புக்கடியாகவே கருதி 108ஐ அழையுங்கள். புதருக்குள் கைவிட்டபோது கடிபட்டு, பக்கத்தில் உடும்பு ஓடியதைக் கண்டு ‘உடும்புதானே’ என்று வீட்டில் இருந்துவிடுவது உயிரைப் பறிக்கலாம். கடிவாய் வீங்கிக்கொண்டே போவது, ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் கசிவது, இமை கனத்து மூடுவது ஆகியவை பாம்பு நஞ்சின் அறிகுறிகள். ஆனால் அவை தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

பிடிக்கக் கூடாது, வாங்கக் கூடாது

இந்தியாவில் உடும்பு வகைகள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இறைச்சி வலிமை தரும், எண்ணெய் மூட்டுவலியைப் போக்கும் என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரில், கூப்பிய கைகள் போன்ற அரிய வேர் என்று சொல்லி, செல்வம் சேரும் எனப் பூசைக்கு விற்கப்படுவது பெரும்பாலும் ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு. இணையத்திலும் இது விற்கப்பட்டதை 2017இல் வன உயிரின ஆர்வலர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தப்பட்டது உடும்புத் தோல்தான். இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா கிடைக்கிறது. புதிதாக வாங்குபவர் கடைக்காரரிடம் எந்தத் தோல் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, தோராய நீளம், மூக்குத் துளையின் வடிவம், என்ன தின்றது என்ற ஏழு விவரங்களை எழுதினால் போதும். ஒரே பொந்தை ஓராண்டு தொடர்ந்து குறித்து வந்தால், எந்த மாதத்தில் உடும்பு மெலிகிறது, எந்த மழைக்குப் பின் பட்டை போட்ட குட்டிகள் தோன்றுகின்றன என்பது உங்கள் ஊருக்கென்றே தெரியவரும். என் ஏட்டில் ஒரு பனைமரத்துக்கு மட்டும் 41 பக்கங்கள் இருக்கின்றன.